கிராமப் பள்ளிக்கு நடந்தும் சைக்கிளிலும்: பாதுகாப்பான பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"பிள்ளைகளை நடக்க விடுங்கள், சைக்கிளில் அனுப்புங்கள்" என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுநாள் காலையில் பள்ளி வாசலில் அதே பைக்குகள், அதே கார்கள். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அந்தச் சாலை எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும். நடைபாதை கிடையாது, வளைவில் எதிரே வருவது தெரியாது, பின்னால் வரும் லாரி வேகத்தைக் குறைக்காது. மேடைப் பேச்சால் அந்தச் சாலை மாறப் போவதில்லை. அதனால்தான் இந்த வழிகாட்டி முதலில் வழியைச் சீர்செய்யச் சொல்கிறது. அடுத்து பெரியவர்களின் வண்டிகளைக் கட்டுப்படுத்த வேண்டும். குழந்தைகளை நடக்கக் கூப்பிடுவது அதற்கும் பிறகுதான்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள். 5 முதல் 17 வயதுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது, மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வேகமாக நடந்து வந்து, மாலையில் நடந்தே திரும்பும் குழந்தை அதில் பாதியைப் பள்ளிப் பயணத்திலேயே முடித்துவிடுகிறது. ஆனால் உலக அளவில் 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணம் சாலை விபத்து என்று சொல்வதும் அதே நிறுவனம்தான். முதல் செய்தியை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாவதை மறந்தால், நல்லெண்ணமே ஆபத்தாக முடியும்.

படி 1: யார் எங்கிருந்து வருகிறார்கள்?

சாதாரணமான ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். தேர்வு, விழா, அடைமழை எதுவும் குறுக்கிடாத வாரமாக இருக்கட்டும். வகுப்பு வகுப்பாகக் கையுயர்த்தச் சொல்லிக் கணக்கெடுக்க ஐந்து நிமிடம் போதும். இன்று எப்படி வந்தாய், எப்படி வர உனக்கு ஆசை, வழியில் உனக்குப் பயமான இடம் எது என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களை அப்படியே, குழந்தையின் சொற்களிலேயே எழுதி வையுங்கள். "பெரிய புளியமரத்துக்குப் பக்கத்து மதகு" என்று ஒரு குழந்தை சொல்வதில் இருக்கும் விவரம், எந்த அதிகாரியின் வரைபடத்திலும் இருக்காது.

பிறகு ஒரு பெரிய தாளில் பள்ளியை நடுவில் போட்டு, எந்தத் திசையிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று புள்ளி வையுங்கள். பெயர்களை எழுத வேண்டாம். எந்தக் குழந்தை எந்த வீட்டிலிருந்து தனியாக வருகிறது என்பது சுவரில் ஒட்டிவைக்கும் செய்தி அல்ல.

தூரத்தைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். ஆறு ஏழு வயதுக் குழந்தை பையோடு மணிக்கு 3 முதல் 4 கி.மீ. வேகத்தில் நடக்கும். ஒரு கிலோமீட்டருக்குக் கால் மணி முதல் இருபது நிமிடம் ஆகும். ஒன்றரை கிலோமீட்டர் வரை நடை சரியாக வரும். அதற்கு மேல் ஐந்து கிலோமீட்டர் வரை, வளர்ந்த மாணவர்களுக்குச் சைக்கிள். அதையும் தாண்டியவர்கள் பஸ்ஸிலோ வேனிலோதான் வர வேண்டும். ஆனாலும் கடைசி அரை கிலோமீட்டரை அவர்களும் நடக்கலாம், அதைப் பின்னால் பார்ப்போம்.

கிராமப்புறத்தில் சைக்கிள் பள்ளி வாழ்க்கையையே மாற்றக்கூடியது. பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்புக்கு வரும் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கத் தொடங்கியது. அதை ஆராய்ந்தவர்கள், உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் பெண்களின் சேர்க்கை சுமார் 32 விழுக்காடு உயர்ந்ததாகக் கண்டார்கள். பள்ளி தொலைவில் இருந்த கிராமங்களில்தான் பலன் மிகுதி. பெண்கள் கூட்டமாகச் சைக்கிளில் போனது தெருவுக்கே பழகிப்போனதும் அதற்கு உதவியிருக்கிறது.

படி 2: வழியை நடந்து பாருங்கள்

இதை மட்டும் யாரிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள். தலைமை ஆசிரியர், இரண்டு பெற்றோர், நான்கைந்து மாணவர்கள், முடிந்தால் உள்ளாட்சி உறுப்பினர் ஒருவர் என்று சேர்ந்து, பள்ளி தொடங்கும் நேரத்திலேயே நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வெறிச்சோடிக் கிடக்கும் சாலையைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. காய்ந்த காலத்தில் ஒரு முறை, மழைக்காலத்தில் ஒரு முறை நடங்கள். நல்ல வெயிலில் அகலமாகத் தெரியும் சாலையோர மண், மழையில் சேறாகி எல்லோரையும் தார்மேல் ஏற்றிவிடும்.

கடக்கும் இடங்களில் குந்தி உட்கார்ந்து குழந்தையின் கண் உயரத்தில் பாருங்கள். நின்றால் மறைக்காத புதரும் மதில் சுவரும் நிறுத்திவைத்த டிராக்டரும், உட்கார்ந்தால் முழுச் சாலையையும் மறைக்கும்.

குறித்துக்கொள்ள வேண்டியவை ஊருக்கு ஊர் மாறும். இருந்தாலும் சில எங்கும் உண்டு: பார்வைக்கு எட்டாத வளைவுகளும் மேடுகளும், கைப்பிடிச் சுவர் இல்லாத பாலம், சாலையை ஒட்டிய திறந்த கிணறு, வெள்ளம் வழியும் தரைப்பாலம், தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி, நாய்கள் கூடும் இடம், வீடே இல்லாத நீண்ட தனிமையான பகுதி, குடித்துவிட்டு ஆட்கள் உட்காரும் இடம். கடைசி இரண்டையும் பெரியவர்கள் எழுதத் தயங்குவார்கள். ஆனால் பெண் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதில் வண்டிகளைவிட இவைதான் முன்னால் நிற்கின்றன. மாணவிகளிடம் தனியாக, ஆசிரியை ஒருவர் கேட்டால்தான் சரியான பதில் வரும்.

குழந்தைகளிடமே ஆபத்தான இடங்களைக் கேட்டு அதிலிருந்து சாலையைத் திருத்தும் முறைக்கு நல்ல முன்னோடி டென்மார்க். 1970களில் அங்கே சாலையில் குழந்தைகள் அடிபடுவது ஐரோப்பாவிலேயே மிக அதிகமாக இருந்த நிலையில், ஓடென்ஸ் நகரம் பள்ளி வழிகளை ஒவ்வொன்றாகச் சீரமைக்கத் தொடங்கியது. அது நகரத்து அனுபவம்தான். ஆனால் கேட்கும் முறை எந்த ஊருக்கும் ஒன்றே.

படி 3: வழியைத் தேர்ந்தெடுத்துச் சீர்செய்யுங்கள்

மிகக் குறுகிய வழிதான் நல்ல வழி என்று இல்லை. ஐந்து நிமிடம் கூடுதலாக நடந்தாலும் நெடுஞ்சாலையைத் தொடாத வழி கிடைத்தால் அதையே எடுங்கள். வயல் வரப்பையோ தோட்டத்துப் பாதையையோ பயன்படுத்துவதானால் நிலத்துக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் நடவுக் காலத்தில் வழி அடைபடும்.

வழி முடிவானதும் இரண்டு பட்டியல்கள் போடலாம். ஊர்க்காரர்களே செய்யக்கூடியது முதல் பட்டியல்: முள்ளையும் புதரையும் வெட்டுவது, சாலையோரத்தை மண் போட்டுச் சமன்செய்வது, கிணற்றுக்கு வேலி, கடக்கும் இடத்தில் வண்ணம் பூசிய கல். ஒரு விடுமுறை நாளில் பாதி முடிந்துவிடும். இரண்டாவது பட்டியல் அரசிடம் கேட்க வேண்டியது: வேகத்தடை, பாலத்துக்குக் கைப்பிடி, விளக்கு, தனியான நடைபாதை.

மனு எழுதும்போது "எங்கள் சாலை மிகவும் ஆபத்தானது" என்று எழுதினால் அது கோப்போடு கோப்பாகப் போய்விடும். எந்த இடம், எத்தனை மணிக்கு, எத்தனை குழந்தைகள் கடக்கிறார்கள், என்ன செய்ய வேண்டும், யார் பொறுப்பு என்று எழுதி, படம் ஒன்றையும் வையுங்கள். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை இருந்தால் அதிகாரிக்கும் வேலை எளிது. பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

எதைக் கேட்பது என்று குழம்பினால் வேகத்தைக் குறைக்கக் கேளுங்கள். காய்ந்த சாலையில் ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி என்று வைத்துக் கணக்கிட்டால், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்கச் சுமார் 13 மீட்டர் தேவை. 50 கி.மீ. வேகத்தில் அது 28 மீட்டராகும். 80 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 57 மீட்டர். வேகம் மூன்று மடங்குகூட ஆகவில்லை, நிற்கும் தூரமோ நான்கு மடங்கைத் தாண்டிவிட்டது. நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் 30 கி.மீ.க்கு மேல் கூடாது என்று 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக அமைச்சர்கள் மாநாட்டின் பிரகடனமும் சொல்கிறது. இதை மனுவில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

"பள்ளிப் பகுதி, மெதுவாகச் செல்லவும்" என்ற பலகையில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. பலகை மட்டும் இருந்தால் அந்த வழியில் தினமும் போகிறவர் ஒரு வாரத்தில் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். சக்கரத்தை உண்மையிலேயே மெதுவாக்கும் தடையோடு சேர்த்து வைத்தால்தான் பலன்.

படி 4: பள்ளி வாசல்

காலை அரை மணி நேரம் பள்ளி வாசல்தான் அந்த வழியிலேயே நெரிசல் மிகுந்த இடம். பிள்ளையை இறக்கிவிட்டு அவசரமாகத் திரும்பும் வண்டி, பின்னோக்கி எடுக்கும் வேன், நடுவில் நடந்து வரும் குழந்தைகள். பின்னோக்கி எடுக்கும் வண்டிக்குப் பின்னால் நிற்கும் சிறு குழந்தை ஓட்டுநரின் கண்ணாடியில் தெரிவதே இல்லை.

தீர்வு ஒன்றுதான், வாசலில் வண்டியே வேண்டாம். 300 முதல் 500 மீட்டர் தள்ளி, அகலமான ஓரம் உள்ள இடத்தை இறக்கிவிடும் இடமாக வையுங்கள். அங்கிருந்து எல்லோரும் ஒரே பாதையில் நடக்கட்டும். தொலைவிலிருந்து வண்டியில் வரும் குழந்தைக்கும் கொஞ்சம் நடை கிடைக்கும், நடந்து வரும் குழந்தைக்குச் சாலை காலியாகும். நடக்க இயலாத குழந்தைகளின் வண்டி மட்டும் வாசல் வரை வரலாம்.

ஆசிரியர்களின் வண்டிகளுக்கும் இதே விதிதான். இந்த ஒன்றைத் தளர்த்தினால் மற்றது எதுவும் நிற்காது. மாலையில் நடப்பவர்களையும் சைக்கிள்காரர்களையும் பத்து நிமிடம் முன்னதாக விட்டுவிட்டால் வண்டிகள் கிளம்பும் முன் அவர்கள் கலைந்துவிடுவார்கள்.

படி 5: நடைப் பேருந்து

குழந்தைகள் கூட்டமாக, குறித்த வழியில், குறித்த நேரத்தில், பெரியவர்களோடு நடந்து வருவதுதான் நடைப் பேருந்து. வண்டி இல்லையே தவிர, நிறுத்தங்கள் உண்டு, நேர அட்டவணை உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியரான டேவிட் எங்விக்ட் இந்த யோசனையை முன்வைத்தார். 1998இல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் அந்நாட்டின் முதல் நடைப் பேருந்து கிளம்பியது.

நடத்துவது எளிது, தொடர்ந்து நடத்துவதுதான் கடினம். ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகள் மூன்று பேருக்கு ஒரு பெரியவர், அதற்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளி வயதினர் ஆறு பேருக்கு ஒருவர் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. நடைபாதை இல்லாத சாலையில் இதற்கும் கூடுதலாக ஆள் இருந்தால் நல்லது. கடைசியில் வருபவர்தான் முக்கியமானவர், வேகத்தை முடிவு செய்ய வேண்டியவரும் அவரே. முன்னால் போகிறவர் வேகத்தை முடிவு செய்தால் வரிசை அறுந்துவிடும்.

சில விதிகளை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நிறுத்தத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருப்பு இல்லை. பெற்றோர் தவறவிட்டால் பிள்ளையை அவர்களே கொண்டுவந்து விட வேண்டும், பின்னால் தனியாக ஓடவிடக் கூடாது. இன்று யார் வருகிறார்கள் என்ற பட்டியலும் பெற்றோரின் தொலைபேசி எண்களும் கடைசியில் நடப்பவரின் கையில் இருக்கும். ஒரு பெரியவருக்கு உடம்பு சரியில்லை என்றால் யாரை அழைப்பது என்பதும் அதிலேயே இருக்கும்.

அழைத்துச் செல்ல முன்வருபவர் ஊருக்கே தெரிந்தவராக இருக்கலாம். ஆனாலும் பள்ளி அவரைப் பற்றி விசாரித்துத்தான் சேர்க்க வேண்டும். தனியாக ஒரு பெரியவரும் தனியாக ஒரு குழந்தையும் என்ற நிலை எந்த நேரத்திலும் வரக்கூடாது.

படி 6: சாலையிலேயே கற்றுக்கொடுங்கள்

வகுப்பறையில் "இரண்டு பக்கமும் பார்த்துக் கட" என்று நூறு முறை சொல்லலாம். தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைகளால் மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் வேகமாக நெருங்கும் வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்க முடிவதில்லை. பார்வையும் மூளையும் இன்னும் முதிரவில்லை, கவனக்குறைவு என்று திட்டிப் பயனில்லை. அதனால் சிறு குழந்தைகளுக்கு "வண்டி கண்ணுக்குத் தெரிந்தாலே கடக்காதே" என்ற ஒரே விதி போதும். தூரத்தில்தானே வருகிறது என்ற கணக்கை அவர்களிடம் விடாதீர்கள்.

நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒற்றை வரிசையில் நடக்க வேண்டும். பின்னாலிருந்து வருவதைக் காணக் குழந்தைக்குக் கண் இல்லை. கூர்மையான வளைவின் உள்பக்கத்தில் நடந்தால் ஓட்டுநருக்குக் கடைசி நொடி வரை தெரியாது. வளைவுக்கு நன்றாக முன்பே மறுபக்கம் போய்விட்டு, வளைவு முடிந்த பிறகு திரும்பி வருவது நல்லது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அதன் முன்னாலோ பின்னாலோ கடக்கக் கூடாது, அது கிளம்பிப் போகும்வரை நிற்க வேண்டும்.

கிராமத்துச் சாலைக்கே உரிய ஒன்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். டிரெய்லர் இழுத்து வரும் டிராக்டர் திரும்பும்போது, பின்னால் வரும் டிரெய்லர் சக்கரம் டிராக்டர் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். டிராக்டர் தாண்டிவிட்டது என்று நகரும் பிள்ளை மாட்டிக்கொள்வது இங்கேதான். டிரெய்லரில் தொற்றி ஏறும் பழக்கத்தையும் சேர்த்தே நிறுத்த வேண்டும். ஒரு டிராக்டர்காரரைப் பள்ளி மைதானத்துக்கு அழைத்துத் திருப்பிக் காட்டச் சொல்லி, சக்கரத் தடத்தைச் சுண்ணாம்பால் குறித்துக் காட்டுங்கள். பத்துப் பாடம் நடத்தினாலும் இதற்கு ஈடாகாது.

படி 7: சைக்கிள்

பெரும்பாலான சைக்கிள்கள் ஒரு பஞ்சரோடு வீட்டுத் திண்ணையில் சாய்ந்துவிடுகின்றன. பிள்ளைக்கு ஓட்ட ஆசை இல்லாமல் இல்லை, ஒட்டுவதற்கு ஆள் இல்லை, காசு இல்லை. பள்ளியில் ஒரு பெட்டி வையுங்கள்: காற்றடிக்கும் பம்ப், டயர் கழற்றும் நெம்பு, ஒட்டும் பசையும் ரப்பர் துண்டுகளும், ஸ்பேனர், எண்ணெய்க் குப்பி. மேல் வகுப்பு மாணவர்கள் சிலருக்குப் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுத்துவிட்டால், அவர்களே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். நிழலோடு, பூட்டக்கூடிய நிறுத்துமிடமும் வேண்டும். வெயிலில் நாள் முழுக்க நின்றால் டியூப் பழுதாகும், பூட்ட இடமில்லை என்றால் திருட்டுக்குப் பயந்து கொண்டுவர மாட்டார்கள்.

சைக்கிளில் வர அனுமதி கொடுக்கும் முன் மைதானத்தில் ஒரு சிறு தேர்வு வையுங்கள். நேர்கோட்டில் ஓட்டிக்கொண்டே தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடிகிறதா? ஒரு கையை எடுத்துத் திரும்பப் போவதைக் காட்ட முடிகிறதா? விசில் ஊதியதும் சறுக்காமல் நிற்க முடிகிறதா? மூன்றும் வந்தால் சாலைக்குத் தயார். வயதைவிட இதுவே நம்பகமானது.

இருக்கையில் உட்கார்ந்தால் கால்விரல்களாவது தரையைத் தொட வேண்டும். அண்ணனுடைய பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு வரும் குழந்தையால் அவசரத்தில் நிறுத்த முடியாது. சாலையில் சைக்கிள் வண்டிகளின் போக்கிலேயே ஓரமாகப் போக வேண்டும், நடப்பவருக்குச் சொன்ன எதிர்த்திசை விதி இதற்குப் பொருந்தாது. பையை ஹேண்டில்பாரில் மாட்டக் கூடாது, கேரியரில் கட்டலாம். டபுள்ஸ் கூடாது. ஹெல்மெட் தலையில் படுக்கையாக, புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் உட்கார வேண்டும். பின்னுக்குத் தள்ளி, நெற்றி முழுக்கத் தெரியும்படி போட்டால் முன்பக்கமாக விழும்போது அது உதவாது.

படி 8: இருட்டும் மழையும் மனிதர்களும்

அதிகாலையிலும் மாலை மங்கலிலும் அடர் நிறச் சீருடை போட்ட குழந்தை, தாழ்த்திய முகப்பு விளக்கில் சுமார் 30 மீட்டரில்தான் தெரியும். ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை இருந்தால் 130 மீட்டரிலேயே தெரிந்துவிடும். பட்டையைப் பையில் ஒட்டுவதோடு நிறுத்தாமல் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் கட்டுங்கள். அசையும் பட்டையைப் பார்த்த உடனே ஓட்டுநருக்கு அது ஒரு மனிதர் என்று புரிந்துவிடுகிறது.

வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே பெரியவரையும் தள்ளிவிடும். தரைப்பாலத்தில் தண்ணீர் வழிந்தால் யாரும் கடப்பதில்லை என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். அன்று பள்ளிக்கு வராதவர்களுக்கு விடுப்புக் கணக்கு இல்லை என்றும் அறிவித்துவிடுங்கள். வருகைப் பதிவுக்குப் பயந்து குழந்தை தண்ணீரில் இறங்கும் நிலை வரக் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் கிளம்ப வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகு கிளம்பலாம். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

நாய் துரத்தினால் ஓடாமல், அதன் கண்ணைப் பார்க்காமல் அசையாமல் நிற்கப் பழக்குங்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். இது தாமதிக்கக் கூடாத காரியம்.

தொல்லை தரும் மனிதர்கள் விஷயத்தில் "ஜாக்கிரதையாக இரு" என்று பெண் பிள்ளைகளிடம் சொல்வதோடு பெரும்பாலான பள்ளிகள் நின்றுவிடுகின்றன. பொறுப்பு முழுவதையும் குழந்தையின் தலையில் கட்டுவது இது. பள்ளி செய்ய வேண்டியவை வேறு. யாரிடம் சொல்லலாம் என்று ஒரு ஆசிரியையின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சொன்னதால் "நாளை முதல் பள்ளிக்குப் போகாதே" என்று ஆகிவிடாதபடி பெற்றோரிடம் பேச வேண்டும். தனிமையான பகுதியில் அந்த நேரத்துக்குப் பெரியவர் யாராவது நிற்க ஏற்பாடு வேண்டும். கூட்டம் கலைந்து கலைந்து கடைசி வீட்டுக்குத் தனியாகப் போகும் அந்த ஒரு குழந்தை யார் என்பதை ஒவ்வொரு வழிக்கும் பார்த்து, அவளுக்குத் தனியாக வழி செய்ய வேண்டும். வராத குழந்தையின் வீட்டுக்கு முதல் பாடவேளை முடிவதற்குள் தொலைபேசி போக வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பிய குழந்தை பள்ளிக்கு வந்து சேரவில்லை என்பதை மாலையில் தெரிந்துகொள்வதால் பயன் இல்லை.

படி 9: தொடங்குவதும் தொடர்வதும்

எல்லா வழிகளையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். அதிகக் குழந்தைகள் வரும் ஒரு வழி, வாரத்தில் ஒரு நாள், அதுவும் நல்ல பருவத்தில். ஒரு மாதம் ஒழுங்காக நடந்தால் நாளைக் கூட்டுங்கள், பிறகு வழியைக் கூட்டுங்கள்.

பரிசுப் போட்டிகளால் கூட்டம் சேரும், பரிசு நின்றதும் கலையும். அதோடு, தொலைவில் வீடு உள்ள குழந்தைக்கு அது அநியாயமும்கூட. போட்டி வைத்தே ஆக வேண்டும் என்றால் நடந்த கடைசி 500 மீட்டரை மட்டும் எல்லோருக்கும் கணக்கில் எடுங்கள். உண்மையில் குழந்தைகளை இழுப்பது தோழர்களோடு பேசிக்கொண்டே வரும் அந்தக் கால் மணி நேரம்தான். பையின் எடை அதைக் கெடுத்துவிடும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்கவைக்க வேண்டாம், தேவையில்லாத புத்தகங்களைப் பள்ளியிலேயே வைக்க இடம் கொடுங்கள்.

சக்கர நாற்காலியிலோ மெதுவாகவோ வரும் குழந்தை இருந்தால், அந்தக் குழந்தையின் வேகமே வரிசையின் வேகம். பாதையைச் சமன்செய்யும்போதே அவர்களையும் மனதில் வைத்துச் செய்யுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, மயிரிழையில் தப்பியவற்றை எழுதச் சொல்லுங்கள். வண்டி உரசப் பார்த்தது, வழுக்கி விழுந்தது, நாய் துரத்தியது என்று எதுவாக இருந்தாலும் இடத்தையும் நேரத்தையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதியவரைத் திட்டக் கூடாது, திட்டினால் அடுத்ததை யாரும் எழுத மாட்டார்கள். ஒரே இடம் இரண்டாம் முறை வந்தால் அந்த வாரமே போய்ப் பாருங்கள். முதல் படியில் எடுத்த கையுயர்த்தும் கணக்கைப் பருவத்துக்கு ஒரு முறை அதே கேள்விகளோடு எடுத்தால், எது பலித்தது என்பது தெரியும். பள்ளி திறக்கும்போதும், மழை முடிந்ததும், அறுவடை வண்டிகள் ஓடத் தொடங்கும் முன்பும் வழியை மறுபடி நடந்து பார்க்க வேண்டும்.

இத்தகைய ஏற்பாடுகள் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றே. ஓடியாடி நடத்திய ஒரு பெற்றோரின் கடைசிப் பிள்ளை பள்ளியை முடித்துவிடுவார், அல்லது ஆர்வமான ஆசிரியருக்கு மாறுதல் வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வழிக்கும் இருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர்களில் ஒருவராவது முதல் வகுப்புக் குழந்தையின் பெற்றோராக இருக்கட்டும். வரைபடம், விதிகள், தொலைபேசிப் பட்டியல், மனுக்களின் நகல் எல்லாம் ஒரே கோப்பில் தலைமை ஆசிரியரின் அறையில் இருக்க வேண்டும்.